மைனஸ் பதினைந்தில் ஓர் அட்டெண்டன்ஸ்!

ஜனவரி மாதம் டொரான்டோ போகிறேன் என்று சொன்னால் ஜனங்கள் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். டொரான்டோ எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் பொறாமையாகப் பார்ப்பார்கள். தெரிந்தவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

பரிதாபம்தான் சரி. அங்கே ஜனவரி மாதச் சூரியன் அசல் ஆபீஸ் சூப்பரின்டெண்ட். காலையில் ஏழே முக்கால் தாண்டித்தான் சீட்டுக்கு வரும். சாயங்காலம் ஐந்து அடித்ததும் ஃபைலைக் கட்டி வைத்துவிட்டுக் கிளம்பிவிடும். நடுவிலும் பாதி நாள் சீட்டில் இருக்காது, மேகத்துக்குப் பின்னால் டீ சாப்பிடப் போயிருக்கும். குளிரோ மைனஸ் பதினைந்து. நம் வீட்டு ஃப்ரீஸர் மைனஸ் பதினெட்டு. வித்தியாசம் வெறும் மூன்று டிகிரி. ஃப்ரீஸருக்குள் குடியிருக்க மாசாமாசம் தவணை கட்டுகிற ஜனங்களை நான் அங்கேதான் பார்த்தேன்.

நகரத்தின் கிழக்குப் பக்கம் ஸ்கார்பரோ. 1998 வரை தனி நகரமாக இருந்து, அப்புறம் டொரான்டோவோடு சேர்ந்துகொண்டது. மார்க்கம் ரோடில் பஸ் ஏறினால் ஜன்னல் வழியாகத் தமிழ் போர்டாகப் படித்துக்கொண்டே போகலாம். நகைக்கடை, புடவைக்கடை, கொத்து ரொட்டிக் கடை, வக்கீல், பல் டாக்டர். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று 2016-இல் கனடா நாடாளுமன்றமே தீர்மானம் போட்டிருக்கிறது. ஆகவே பாஷைக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் வெளிச்சத்துக்கும் ஆள் அரவத்துக்கும்தான். ஏழரை மணிக்கு அக்காவும் அத்தானும் வேலைக்குக் கிளம்பினால் தெருவே காலி. "மாப்ளே, வெளியே போறதா இருந்தா காதை மூடிக்கிட்டுப் போ. வரும்போது ரெண்டும் இருக்கான்னு எண்ணிப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அத்தான் காரிலிருக்கிற பனியைச் சுரண்டப் போய்விடுவார்.

அந்தத் தெருவில் காலையில் உற்சாகமாகச் சத்தம் போட்டுக்கொண்டு நடமாடுகிற ஜீவன்கள் ஒரே ஒரு சாதிதான். எடை பதினைந்து கிராம். அதாவது மூன்று ஸ்பூன் சர்க்கரை. ஸ்வெட்டர் கிடையாது, ஹீட்டர் கிடையாது, தவணையும் கிடையாது!

பக்கத்து வீட்டு மாஸ்டர்

அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு மாஸ்டர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார். 1995 அக்டோபர் கடைசியில் ஓர் இரவில் குடாநாட்டு ஜனங்கள் லட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டு நடந்தார்களே, அந்தக் கூட்டத்தில் நடந்தவர். அப்புறம் கொழும்பு, அப்புறம் கனடா. வயது எண்பதைத் தொடுகிறது. மனைவி தவறி மூன்று வருஷம். மகளும் மருமகனும் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை அத்தனை பெரிய வீட்டில் அவர் ஒருத்தர். போன வருஷம் ஐஸில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. அதிலிருந்து ஆஸ்பத்திரியும் கோயிலும் தவிர வெளியே போவதில்லை.

அக்கா கொடுத்தனுப்பிய வடையோடு போனேன்.

"வாங்கோ தம்பி. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நேரா குசினிக்கு வாங்கோ. சத்தம் போடாமல் வாங்கோ. வகுப்பு நடக்குது!"

குசினி ஜன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், இரண்டு குழாய்கள் தொங்கின. ஒன்றில் கறுப்பு சூரியகாந்தி விதை. இன்னொன்றில் எள் மாதிரிப் பொடி விதை. அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து குருவிகள் நம் ஊர் டவுன் பஸ் ஃபுட்போர்டு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன. மாஸ்டர் கையில் ஒரு சீ.ஆர். கொப்பி. கோடு போட்டு, தேதி போட்டு, பெயர் போட்டு... ஆமாம், அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரேதான்.

"முப்பது வருஷம் பிள்ளையளுக்குப் பேர் கூப்பிட்டனான். இப்ப இதுகளுக்கு. ஒரு வித்தியாசம், இதுகள் கணக்குப் போட மாட்டம் எண்டு அழுகிறதில்லை" என்றார்.

முகத்தைப் பார்க்காதே, மூக்கைப் பார்!

இந்தக் குருவிகளுக்குப் பொதுப் பெயர் ஃபின்ச். கனடாவில் 'விண்டர் ஃபின்ச்' என்று தனியாகவே ஒரு பட்டியல் இருக்கிறது. குளிர்காலமானால் வடக்கே இருக்கும் காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகத் தெற்கே இறங்கி, ஊருக்குள் வந்து வீட்டுத் தோட்டங்களில் நிற்கும் விருந்தாளிகள். சில வருஷம் வரும், சில வருஷம் வராது.

மாஸ்டர் பாடம் எடுத்தார். நீங்களும் நோட் பண்ணிக்கொள்ளலாம், இந்த வரிசை எந்த ஊர்க் குருவிக்கும் செல்லும்.

"முதல்ல நிறத்தைப் பாக்காதேங்கோ. நிறம் ஏமாத்தும். சொண்டைப் பாருங்கோ. பிறகு உடம்பில கோடு இருக்கோ எண்டு பாருங்கோ. பிறகு வால். கடைசியாத்தான் நிறம்."

ஃபின்ச்சுக்கு அலகு ஒரு குட்டிப் பாக்குவெட்டி. கூம்பாக, கெட்டியாக, விதையை உடைப்பதற்கென்றே செய்தது. அது தெரிந்துவிட்டால் ஆள் அடையாளம் சுலபம். ஒவ்வொன்றுக்கும் மாஸ்டர் ஒரு பட்டப்பெயர் வேறு வைத்திருக்கிறார்.

பொன்னன்: கோல்டு ஃபின்ச். பேரைப் பார்த்து மஞ்சள் குருவியைத் தேடினால் கோவிந்தா. கோடையில்தான் ஆண் குருவி எலுமிச்சம்பழ மஞ்சள். குளிர்காலத்தில் சாயம் போன காக்கிச் சட்டை. சிறகில் வெள்ளைப் பட்டை, உடம்பில் கோடே கிடையாது. வசந்தம் வந்ததும் பழைய இறகை உதிர்த்துவிட்டு மறுபடி மஞ்சளுக்கு மாறும். இந்தக் குடும்பத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை உடுப்பு மாற்றுகிற ஒரே ஆசாமி.

வீட்டுக்காரன்: ஹவுஸ் ஃபின்ச். ஆணுக்குத் தலையிலும் மார்பிலும் செங்கல் பொடி தூவின மாதிரிச் சிவப்பு. விலாவில் மங்கலான பழுப்புக் கோடுகள். பெண்ணுக்குச் சிவப்பும் இல்லை, முகத்தில் ஒரு அடையாளமும் இல்லை. அடையாளம் இல்லாததுதான் அடையாளம்.

சாயக்காரன்: பர்ப்பிள் ஃபின்ச். வீட்டுக்காரனுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். ஆனால் இவன் இன்னும் குண்டு, வால் குட்டை. சிவப்பு தலையோடு நிற்காமல் முதுகு வரை பீட்ரூட் சாறாக வழிந்திருக்கும். பெண்ணுக்குக் கண்ணுக்கு மேலே பட்டையாக வெள்ளைப் புருவம்.

வரியன்: பைன் சிஸ்கின். உடம்பு முழுக்கக் கோடு, கோடு, கோடு. அலகு மட்டும் மற்றவர்களைப் போலக் கூம்பாக இல்லாமல் ஊசியாக இருக்கும். சிறகில் லேசாக மஞ்சள் தீற்றல். ஜிப்பை வேகமாக மேலே இழுத்தால் வருமே ஒரு 'ஸ்ஸ்ர்ரீப்', அதுதான் குரல்.

பொட்டுக்காரி: ரெட்போல். நெற்றியில் குங்குமப் பொட்டு, தாடையில் கறுப்பு மை, குட்டி மஞ்சள் மூக்கு. ஆர்க்டிக் பக்கத்திலிருந்து வருகிற ராஜகுமாரி. இதையே இரண்டு மூன்று இனமாகப் பிரித்து, எது எது என்று ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். 2024-இல் அமெரிக்கப் பறவையியல் சங்கம் 'எல்லாம் ஒன்றுதானப்பா' என்று சேர்த்துவிட்டது. பல பேருடைய பட்டியலில் ராத்திரியோடு ராத்திரியாக ஒன்று குறைந்துபோனது.

மாஸ்டரின் கொப்பியில் பொட்டுக்காரி கட்டத்தில் அந்த சீசன் முழுக்க ஒரே எழுத்து: ஆ. அதாவது ஆப்சென்ட்!

"வருவா தம்பி. அவ வராமல் விடுற வருஷமும் இருக்கு. வடிவாப் பாத்துக்கொண்டு இருக்கவேணும், அவ்வளவுதான்."

பொன்னன் தின்பது நம்ம ஊர் எள்!

பொடி விதைக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேனா... அதை எங்கோ பார்த்த ஞாபகம். மாஸ்டர் விதைப் பையை எடுத்துக் காட்டினார். 'நைஜர்' என்று போட்டிருந்தது. அட, நம்ம பேயெள்ளு! உச்செள்ளு என்றும் சொல்வார்கள். எண்ணெய் வித்து. ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசப் பழங்குடி விவசாயிகள் மானாவாரியாகப் போடுகிற பயிர். கிருஷ்ணகிரி பக்கம் பையூர் ஆராய்ச்சி நிலையம் இதில் ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. இந்தியாவும் எத்தியோப்பியாவும் இதைக் கப்பல் கப்பலாக வட அமெரிக்காவுக்கு அனுப்புகின்றன, மனிதர்களுக்கு இல்லை, குருவிகளுக்கு!

பி.காம். படித்தவனுக்கு இந்த இடத்தில் காது விடைக்காமல் என்ன செய்யும்? விசாரித்தேன். அமெரிக்கா இதைச் சும்மா உள்ளே விடாது. விதையோடு விதையாக அம்மையார் கூந்தல் மாதிரி ஒட்டுண்ணிக் களைகள் வந்துவிடும் என்று பயம். அதனால் சுமார் 120 டிகிரி சூட்டில் கால் மணி நேரம் வறுத்து, முளைக்காது என்று உறுதி செய்த பிறகுதான் அனுமதி. 1998-இல் அந்த ஊர்ப் பறவைத் தீனி வியாபாரிகள் 'நைஜர்' என்ற பெயரையே எழுத்து மாற்றி டிரேட் மார்க் வாங்கிவிட்டார்கள். விதை நம்முடையது, வியர்வை நம்முடையது, பேர் மட்டும் அவர்களுடையது. பாஸ்மதி, மஞ்சள் சண்டையெல்லாம் போட்ட நாம் பேயெள்ளுக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை!

மரங்களின் பாலன்ஸ் ஷீட்

சரி, சில வருஷம் வருவதும் சில வருஷம் வராததும் ஏன்? குளிருக்குப் பயந்தா? இல்லவே இல்லை. இவை வருவது வயிற்றுக்காக.

வடக்கே ஸ்ப்ரூஸ், பர்ச் என்று மரங்கள் ஆயிரக்கணக்கான மைல் காடாக நிற்கின்றன. அவை வருஷாவருஷம் ஒரே அளவு விதை தருவதில்லை. ஒரு வருஷம் கொட்டித் தீர்க்கும், அடுத்த வருஷம் சுத்தமாகக் கையை விரிக்கும். அதுவும் ஒரு மரம் இரண்டு மரம் இல்லை, ஒரு பிராந்தியம் முழுக்கச் சொல்லி வைத்தாற்போல. இதில் ஒரு வியாபார தந்திரம் இருக்கிறது. ஒழுங்காக வருஷாவருஷம் விதை கொடுத்தால் அதைத் தின்கிற அணிலும் குருவியும் பெருகி மொத்தத்தையும் காலி பண்ணிவிடும். இரண்டு வருஷம் பட்டினி போட்டு ஆள் குறைத்து, மூன்றாவது வருஷம் ஒரேயடியாகக் கொட்டினால் தின்று மீந்தது முளைக்கும். எந்த மேனேஜ்மெண்ட் காலேஜும் சொல்லித்தராமல் மரம் படித்த பாடம்!

வடக்கே விதை நிறைய இருந்தால் குருவிகள் அங்கேயே தங்கிவிடும். கிராஸ்பில் என்று ஒரு ஃபின்ச். அதன் அலகு நுனி கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே போகும். கூம்புக்காயின் செதிலை நெம்பித் திறக்கிற சாவி அது. விதை கிடைத்தால் ஜனவரிப் பனியிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிடும். விதை இல்லையா, மூட்டை கட்டித் தெற்கே!

இந்தக் கணக்கைப் பார்த்து, எந்த வருஷம் யார் வருவார்கள் என்று முன்கூட்டியே ஜாதகம் கணித்தவர் ஒன்டாரியோக்காரர் ரான் பிட்டவே. 1999-இலிருந்து வருஷாவருஷம் இலையுதிர் காலத்தில் காடு காடாகக் காய்ப்பு நிலவரம் திரட்டி 'விண்டர் ஃபின்ச் ஃபோர்காஸ்ட்' என்று வெளியிட்டார். 2020-இலிருந்து டைலர் ஹோர் என்பவர் தொடர்கிறார். மாஸ்டர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் அந்த அறிக்கை ஒட்டியிருக்கிறது. நம் வீட்டில் பட்ஜெட்டைக்கூட இத்தனை கவனமாகப் படித்ததில்லை.

ராத்திரி ஷிப்ட்

"இத்தனை குளிர்ல ராத்திரி என்ன பண்ணும், ஐயா?" என்று கேட்டேன்.

பதினாலு மணி நேர ராத்திரி. மூன்று ஸ்பூன் சர்க்கரை எடை. அணைந்துபோகாமல் இருப்பதே சாதனை. வரியன் தன் உடம்பு அடுப்பை அதே அளவுள்ள மற்றக் குருவிகளைவிட நாற்பது சதவிகிதம் அதிகமாக எரிக்கும். படுக்கப் போகும் முன் எடையில் பத்தில் ஒரு பங்கு விதையைத் தொண்டைப் பையில் அடைத்துக்கொண்டு போகும், ராத்திரி டிபன் பாக்ஸ்! பொட்டுக்காரி இன்னும் கெட்டி. பனிக்குள்ளேயே சுரங்கம் தோண்டிப் படுத்துவிடும். மேலே காற்று வெட்டினாலும் பனிப் போர்வைக்குள் கதகதப்பு.

அதனால்தான் விடிந்ததும் அந்த ஃபுட்போர்டுக் கூட்டம். அது பொழுதுபோக்கு இல்லை. முந்தின ராத்திரி எரித்த கடனை அடைக்கிற அவசரம்.

ஹாலிவுட்டிலிருந்து வந்த வீட்டுக்காரன்

வீட்டுக்காரனுக்கு ஒரு கோர்ட் கேஸ் வாடை அடிக்கிற ஃப்ளாஷ்பேக் உண்டு. அவன் அசலில் மேற்கு அமெரிக்காக்காரன். பிடித்துக்கொண்டு வந்து 'ஹாலிவுட் ஃபின்ச்' என்று பந்தாவாகப் பேர் வைத்து நியூயார்க்கில் கூண்டில் விற்றார்கள். உள்நாட்டுப் பறவையைப் பிடித்து விற்பது 1918-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். 1940-இல் விஷயம் வெளியே வந்தது. அபராதத்துக்குப் பயந்த வியாபாரிகள் லாங் ஐலண்டில் கூண்டைத் திறந்துவிட்டார்கள். அந்தக் கொஞ்சம் குருவிகள் பெருகிப் பெருகிக் கிழக்குப் பக்கம் முழுவதையும் பிடித்து, கனடாவுக்கும் வந்து, ஸ்கார்பரோவில் வீடு போட்டுவிட்டன.

மாஸ்டர் இந்தக் கதையை முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "இவன் ஒருத்தன்தான் இந்தக் கூட்டத்தில என்னை மாதிரி. வர எண்டு வந்தவன் இல்லை. கொண்டுவந்து விட்டதால வந்தவன்."

அவர் கொப்பியில் வராத ஒருத்தனும் இருக்கிறான். தடியன். ஈவ்னிங் குரோஸ்பீக். மஞ்சள் புருவம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய அலகு, வந்தால் சூரியகாந்தி விதைக் குழாயையே காலி பண்ணுகிற சாப்பாட்டு ராமன். முன்னே எல்லாம் கூட்டமாக வந்ததாக அந்தத் தெருவின் பழைய வெள்ளைக்காரக் கிழவர் சொல்வாராம். 1970-க்குப் பிறகு வட அமெரிக்காவில் இதன் எண்ணிக்கை தொண்ணூறு சதவிகிதத்துக்கு மேல் விழுந்துவிட்டது. 2016-இல் கனடாவில் கவலைக்குரிய இனமாக அறிவித்தார்கள். வகுப்பில் இத்தனை பேர் டிராப்-அவுட் ஆனால் எந்த வாத்தியாருக்குத் தூக்கம் வரும்?

வருத்தக்காரன் வந்த நாள்

பொங்கல் அன்றைக்கு வகுப்பில் இருபத்தேழு பேர் பிரசன்ட். மாஸ்டருக்கு ஏக குஷி. சர்க்கரைப் பொங்கலைத் தட்டில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றே சாப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். பொடி விதைக் குழாயில் ஒரு வரியன் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. பஞ்சுருண்டை மாதிரி உப்பி, கண் பாதி மூடி. குளிருக்கு எல்லாக் குருவியும்தான் இறகை உப்பிக்கொள்ளும். மாஸ்டர் ஜன்னல் கண்ணாடியில் விரலால் தட்டினார். மற்றவை 'விர்'ரென்று பறந்தன. அது அசையவில்லை.

"குளிர் இல்லைத் தம்பி. வருத்தம்."

சால்மொனெல்லா. குழாயில் சிந்துகிற எச்சத்தின் மூலம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். 2020-21 குளிர்காலத்தில் வரியன்கள் என்றுமில்லாத கூட்டமாகத் தெற்கே இறங்கியபோது நிறையச் செத்தன. அமெரிக்காவில் மனிதர்களுக்கும் தொற்றியது. வீட்டுக்காரனுக்கு வேறு ஒரு கண் நோய் உண்டு, 1994-இல் வாஷிங்டன் பக்கம் கண்டுபிடித்தார்கள். எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான். கூட்டம் சேருகிற இடத்தை மூடு. குழாயை இறக்கு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் விட்டுக் கழுவு, இரண்டு வாரத்துக்குத் தொங்கவிடாதே.

இரண்டு வாரம். சொல்வதற்குச் சுலபம். எட்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை அந்த வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "நாளைக்குப் பார்த்துட்டு முடிவு பண்ணலாமே ஐயா" என்றேன்.

"ஒரு பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுறதா, இல்லை நாளைக்குப் பாப்பம் எண்டு இருக்கிறதா?"

கையுறை மாட்டிக்கொண்டு அவரே இறக்கினார். நான் கீழே சிந்திய விதையைப் பெருக்கினேன். கொப்பியில் அன்றைய தேதிக்கு நேரே 'விடுமுறை' என்று எழுதி அடிக்கோடு போட்டார். கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது, குளிராகவும் இருக்கலாம்.

அடுத்த நான்கு நாள் நான் போன போதெல்லாம் அவர் குசினியில் இல்லை. உள்ளே டீ.வி. முன்னால் இருந்தார். டீ.வி. ஓடிக்கொண்டிருந்தது, அவர் பார்க்கவில்லை.

ரூஜ் காட்டில் ஒரு கணக்கு

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மகளிடம் பேசி அனுமதி வாங்கினோம். அத்தான் காரை எடுத்தார். பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற ஆணிப் பட்டை ஒரு ஜோடி, ஒரு கைத்தடி, ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணி. ஸ்கார்பரோவின் கிழக்கு எல்லையில் ரூஜ் தேசிய நகர்ப் பூங்கா. ஊருக்குள்ளேயே ஆறும் பள்ளத்தாக்கும் காடுமாக இருப்பதை 2015-இல் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். கார் நிற்கிற இடத்திலிருந்து ஐம்பது அடிதான் நடப்பது என்று ஒப்பந்தம்.

ஐம்பது அடி நடக்கப் பத்து நிமிஷம் ஆனது. ஒரு கையை நான் பிடித்துக்கொண்டேன். வெள்ளைப் பட்டை உரிந்த பர்ச் மரங்கள் வரிசையாக நின்றன. ஒரு சத்தமும் இல்லை. பனி மட்டும் காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

பிறகு மேலே ஒரு ஜிப் இழுபட்டது. 'ஸ்ஸ்ர்ரீப்!'

அண்ணாந்து பார்த்தால், பர்ச் மரக் கிளை நுனியெல்லாம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு முப்பது நாற்பது குருவிகள்! பொன்னன்களும் வரியன்களும். அவை பிய்க்கப் பிய்க்க மரத்திலிருந்து பொடி விதையும் செதிலும் மிளகுத்தூளாகப் பனியில் உதிர்ந்தன. கொழுத்து, துடியாக, ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டு... பட்டினிக்கு அடையாளமே இல்லை.

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காற்றுக்குக் கண்ணில் நீர் வருகிற ஊர் அது, அதனால் நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"நான்தான் சாப்பாடு போட்டு வளக்கிறன் எண்டு நினைச்சிருந்தனான் தம்பி. அதுகளுக்கு நான் தேவையில்லை. எனக்குத்தான் அதுகள் தேவை." ஒரு வாய் தேத்தண்ணி குடித்தார். "அது நல்லதுதானே? நான் இல்லாட்டிலும் அதுகள் இருக்கும்."

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாஸ்டர், வர்ற ஞாயித்துக்கிழமையும் வண்டி எடுக்கறேன்" என்றார். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வரை தூங்குகிற ஆசாமி!

நம்ம தெருவில்?

'நமக்கேது சார் ஃபின்ச்?' என்று கேட்காதீர்கள். நீலகிரிக்குப் போகிறவர்கள் குளிர்காலத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டால், இமயமலைப் பக்கத்திலிருந்து வருகிற ரோஸ் ஃபின்ச் கண்ணில் படலாம். அசல் ஃபின்ச் குடும்பம்தான். சமவெளியில் அதே பாக்குவெட்டி மூக்கோடு நம் சில்லைக் குருவிகள் இருக்கின்றன. பறவை சாஸ்திரப்படி வேறு குடும்பம், ஆனால் தொழில் ஒன்றே. காலி மனையில் வளர்ந்து கிடக்கிற புல் கதிரில் பாருங்கள். நெஞ்சில் மீன் செதில் கோலம் போட்ட குருவி இருந்தால் அது புள்ளிச் சில்லை.

பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மொட்டை மாடியும் கால் மணி நேரமும் போதும். மூக்கு, கோடு, வால், நிறம், மாஸ்டர் வரிசையில் பாருங்கள். பார்த்ததை எண்ணி எழுதுங்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாள் நடக்கிறது. இரண்டிலும் யார் வேண்டுமானாலும் சேரலாம், குறைந்தது பதினைந்து நிமிஷம் எண்ணினால் போதும். ஆபீஸில் டீ இடைவேளையே அதைவிட நீளம்!

தீனி வைக்கிறவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. ஒன்று, தட்டைக் கழுவுங்கள். இரண்டு, ஜன்னல் கண்ணாடியிலிருந்து மூன்றடிக்குள் வையுங்கள், அல்லது முப்பதடிக்கு அப்பால் வையுங்கள். நடுவில் வைத்தால் வேகமாக வந்து கண்ணாடியில் மோதிச் சாகும். டொரான்டோவில் உயரக் கட்டடங்களில் மோதி விழுகிற பறவைகளைப் பொறுக்கிக் காப்பாற்றுவதற்கென்றே 1993-இல் 'ஃபிளாப்' என்று ஓர் அமைப்பு தொடங்கினார்கள். விடியற்காலையில் தொண்டர்கள் பையோடு தெருத்தெருவாகப் போகிறார்கள்.

நான் ஊர் திரும்பி மூன்று வாரம் இருக்கும். மாஸ்டரின் பேரன் போனிலிருந்து ஒரு படம் வந்தது. சீ.ஆர். கொப்பியின் புதுப் பக்கம். மேலே 'பள்ளி மீண்டும் ஆரம்பம்' என்று கொட்டை எழுத்து. பொன்னன் 14. வீட்டுக்காரன் 9. வரியன் 3. அடுத்த பத்தி புதுசு: 'ரூஜ் காடு, ஞாயிறு. என்னோடு நடந்தது: 120 அடி.'

கடைசி வரியில் பொட்டுக்காரி. வழக்கம் போல 'ஆ'. பக்கத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: 'மார்ச் வரை தவணை உண்டு.'